புள்ளி வைத்த எழுத்து

பகாவ் செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
பதினொரு வருடமாக எழுதுகிறேன்
லாரி எண்ணும் ஓட்டுநர் பெயரும்.
லோ குவோக் வெங். லோ குவோக் கியோங். லோ குவோக் தாட்.
மூன்று லாரிகளும் ஒரே நீலம்.
குவோக் அவர்களின் அப்பன் பெயர் என்று நினைத்திருந்தேன்.
நம் பழக்கம் அது,
பெயருக்குப் பக்கத்தில் அப்பனை நிறுத்திவிடுவோம்.
என் மைகார்டில் முனியாண்டி
செத்து ஒன்பது வருடமாகியும்
என்னோடு வரிசையில் நிற்கிறார்.

ஒரு மழைநாள். மின்சாரம் போய்த் தராசு செத்தது.
வெங் என் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒதுங்கினார்,
தலையில் பிளாஸ்டிக் பையோடு.
பேச்சுவாக்கில் கேட்டேன்.
“லோ குடும்பம். குவோக் நாங்கள்” என்றார்.
நாங்கள் என்றால்
அண்ணன், தம்பி, பெரியப்பா மகன்,
ஈப்போவில் பார்த்தே இராத ஒருவன்கூட.
எந்தக் காலத்துப் பாட்டனோ
ஒரு கவிதை எழுதிவைத்துப் போயிருக்கிறான்,
தலைமுறைக்கு ஓர் எழுத்து.
பிள்ளை பிறக்குமுன் பாதிப் பெயர் பிறந்துவிடும்.
மீதியைத்தான் பெற்றவர்கள் தேடவேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு?

“கவிதையில் இடமில்லை.
அப்பா தனியாக ஒன்று வைத்தார். யோக். ஜேட் கல்.
யோக் லான், யோக் கெங், யோக் சிம்.”

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

சீனக் கண்ணோடு
மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தவள் நான்.
தோட்டத்தில் அது யாருக்கும் செய்தியே இல்லை,
நாலாம் லயத்தில் மட்டும் என்னைப்போல் மூன்று பேர்.
பதினேழு நாள் குழந்தையாக
பால்மர வாளிக்குப் பக்கத்தில்
சைக்கிளில் வந்தேனாம்.
கொண்டுவந்தவள் சொன்னாளாம்:
யோக் என்று கூப்பிட்டார்கள், மீதி இன்னும் வைக்கவில்லை.
முனியாண்டி மூன்றாம் வகுப்பு.
யோக்கின் தலையிலிருந்த புள்ளியை எடுத்தார்,
எழுத்துக்கு உயிர் வந்தது. யோக.
பின்னால் வல்லியை ஒட்டினார்.
தீர்ந்தது காரியம்.

இதை வெங்கிடம் சொன்னேனா?
சொல்லியிருக்க வேண்டும்.
அவர் எடைச்சீட்டைத் திருப்பிப் போட்டார்.
குறுக்கே மூன்று கோடு, நெடுக்கே ஒன்று.
“அரசன்.”
கீழ்க்கோட்டின்மேல் ஒரு புள்ளி.
“யோக்.”
பிறகு கை தயங்கி, அதைச் சுற்றி நாலு கோடு.
“புது முறையில் எழுதினால் இது குவோக். நாடு.
எங்கள் எழுத்துக்குள்ளே…”
முடிக்கவில்லை.
பார்த்தேன்.
நாலு சுவர். வாசல் இல்லை.

பிறகு ஆறு மாதம் அவர் லாரியும் வந்தது,
நானும் எடை எழுதினேன்,
பதினெட்டு டன், பதினேழரை,
எதுவும் பேசவில்லை.
தம்பிகள் மட்டும் என் முகத்தைக் கூடுதலாக ஒரு நிமிடம் பார்த்தார்கள்.

சீனப் பெருநாளுக்கு முன்னால் கிழவர் போனார்.
நாற்பதாம் நாளோ என்னவோ,
வெங் கைத்தொலைபேசியை நீட்டினார்.
கல்லறைக் கல். சிவப்பு மை காயவில்லை.
மகள்கள் வரிசையில் நாலு யோக்.
மூன்றின் கீழ் லான், கெங், சிம்.
நாலாவதன் கீழ் வெறுங்கல்.

“அப்பா சொல்லிவைத்தது.
மீதி தெரியாது, ஆனால் ஒரு யோக் உண்டு என்றார்.
கல்தச்சன் காத்திருக்கிறான். மீதி என்ன?”

கோபம் வந்தது.
பத்து மைல்தான் அந்த வீட்டுக்கும் லயத்துக்கும்.
வேண்டாம் என்றேன்.
அடுத்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
வல்லி, என்றேன்.

“அர்த்தம்?”

கொடி. வெற்றிலைக் கொடி, சுரைக்கொடி,
எதையாவது பற்றிக்கொண்டு ஏறுமே, அது.

அவர் தொலைபேசியில் கத்தினார்: தாங்! தாங்!
அந்தப் பக்கம் காது மந்தம் போல.
யோக் தாங்.
வாயில் வைத்துப் பார்த்தேன்,
புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

எவ்வளவு?

“எழுத்துக்கு முப்பது வெள்ளி.
முதல் எழுத்துக்குக் கொடுத்தாயிற்று.”

இரண்டாவதற்கு நான் கொடுத்தேன்.
ரசீது கேட்டேன்,
முனியாண்டி மகள் யோகவல்லி என்று.